கபிலக்கல்லும் கோவலூர் நினைவு மரபும்: இலக்கிய, கல்வெட்டுச் சான்றுகளின் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே உள்ள கபிலர் குன்று, சங்கப் புலவர் கபிலர் உயிர்நீத்த இடமாகக் கருதப்படுகிறது. புறநானூற்றுக் கொளுவும் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டும் கபிலரின் இறுதியைக் குறிப்பிடினும், இரண்டும் முழுதும் ஒத்துச் செல்லவில்லை. அவ்வேறுபாட்டின் தன்மையையும் அதற்குரிய காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கபிலர், கபிலக்கல், மலையமான், வீரட்டானம், வடக்கிருத்தல், கொளு

முன்னுரை

2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையும் வடகிழக்கே திருக்கோவலூரும் அமைந்துள்ளன. திருக்கோவலூர் சைவர்க்கு அட்ட வீரட்டானங்களுள் ஒன்று; வைணவர்க்கு நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில், உலகளந்த பெருமாள் கோயில், ஆற்றிடைக் குன்று ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கண்டு திரும்புவோர் பலர். முதலிரண்டும் வழிபாட்டால் பெருமை பெற்றவை. குன்று ஒரு புலவரின் பெயரால் பெருமை பெற்றது. எனவே அதன் வரலாற்றைத் தெளிதல் தமிழ் ஆய்வுக்குரிய பணியாகிறது.

சங்க காலக் கோவலூர்

கோவலூர் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். புறநானூற்றில் 121 முதல் 124 வரையுள்ள நான்கு பாடல்களும் கபிலர் அவனைப் பாடியவை. ஆகவே கபிலர்க்கும் காரிக்கும் இடையிலான தொடர்பு பிற்காலப் புனைவன்று. சங்கப் பாடல்களிலேயே வேர்கொண்டது.

அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்று ஔவையார் புறநானூற்று 99ஆம் பாடலில் குறிக்கிறார். திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ என்ற பட்டத்துடன் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சுட்டி அவன் அளித்த பாழியைப் பதிவு செய்கிறது. அசோகரின் கல்வெட்டுகள் குறிக்கும் சதியபுத்திரர் அதியரே என்பதற்கும் இதுவே வலிய சான்று. பாடலும் கல்லும் இங்கு ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. கபிலக்கல்லுக்கும் இத்தகைய உறுதி உண்டா என்பதே வினா.

புறநானூற்றுச் சான்று

பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணஞ்செய்துகொள்ள வேண்டியதை 200, 201, 202ஆம் பாடல்கள் காட்டுகின்றன. 236ஆம் பாடல், தம்மை உடன் வரவிடாமல் சென்ற பாரியை நொந்து, மறுமையிலும் அவனோடு கூடும் பேற்றை வேண்டும் கையறுநிலைப் பாடல். பாரி மகளிரைப் பார்ப்பார்ப்படுத்தபின் கபிலர் வடக்கிருந்தார் என்னும் செய்தி அதன் கொளுவில் உள்ளது. இங்கு இரண்டு நுட்பங்கள் கருதத்தக்கன. வடக்கிருத்தல் கொளுவில் மட்டுமே சொல்லப்படுகிறது, பாட்டில் இல்லை. கோவலூரோ பெண்ணையாறோ பாட்டு, கொளு இரண்டிலும் இல்லை.

கல்வெட்டுச் சான்று

வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் (985–1014) காலச் செய்யுட் கல்வெட்டு, பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு அளித்தபின் கபிலர் வீடுபேறு கருதிப் பெண்ணையாற்றிடைத் தீப்புகுந்தார் என்றும், அவ்விடம் கபிலக்கல் என்றும் கூறுகிறது. கபிலரின் இறுதியை இவ்வூரோடு இணைக்கும் பழைய எழுத்துச் சான்று இதுவே. ஔவையார் முன்னின்று அங்கவை, சங்கவை என்போரைக் கோவலூர்த் தெய்வீகனுக்கு மணமுடித்தார் என்னும் தனிப்பாடல் மரபு இதனினும் பிற்பட்டது. பாரி மகளிரின் பெயர்களும் சங்கப் பாடல்களில் இல்லை.

முரணும் விளக்கமும்

கொளுவும் கல்வெட்டும் இரண்டு இடங்களில் மாறுபடுகின்றன. முதலாவது, மகளிர் யாரிடம் சேர்க்கப்பட்டனர் என்பது. பார்ப்பார்ப்படுத்தல் என்பதற்குப் பார்ப்பாரிடம் அடைக்கலமாக ஒப்படைத்தல் எனப் பொருள் கொண்டால், பின்னர் மலையர்க்கு மணஞ்செய்வித்ததாகக் கொண்டு இம்முரணைத் தீர்க்கலாம். இரண்டாவது, இறந்த முறை. உண்ணாது வடக்கிருத்தலும் தீப்புகுதலும் வெவ்வேறானவை. ஒன்றை மற்றொன்றாக விளக்க இயலாது.

இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கல்வெட்டின் பாடுபொருளே உணர்த்துகிறது. இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையர் குலத்தவர். கணவர் சுந்தர சோழர் இறந்தபோது குழந்தையைப் பிரிந்து தீப்புகுந்தவர். அவரது செயலைப் போற்றும் அதே கல்வெட்டில் கபிலரின் செயலும் இடம்பெறுகிறது. அரசியின் பிறந்த குலத்தின் தொன்மையைக் காட்டப் பாரி மகளின் மணமும், தலைவனைப் பிரிந்து வாழாமையின் உயர்வைக் காட்டக் கபிலரின் இறுதியும் ஒருங்கே பயன்பட்டன எனக் கருத இடமுண்டு. வடக்கிருத்தல் தீப்புகுதலாக மாறியது இச்சூழலின் விளைவாகலாம். எனினும் கல்வெட்டுப் புலவர் குன்றின் பெயரைப் புதிதாகப் படைத்தார் எனல் வேண்டா. ஊரார் அறிந்த பெயரைச் சுட்டினாலன்றி அத்தொடர் கேட்போர்க்குப் பொருள்படாது.

இதனை ஒத்த வளர்ச்சி இவ்வூரின் வைணவ மரபிலும் உண்டு. பொய்கையாழ்வார் தம் அந்தாதியில் கோவல் இடைகழியைப் பாடினார். மழையிரவில் அவ்விடைகழியில் ஆழ்வார் மூவரும் நெருங்கி நின்ற நிகழ்ச்சியைக் குருபரம்பரை நூல்கள் விரித்தன. பாட்டின் ஒரு குறிப்பு, பின்வந்தோரால் இடம் சார்ந்த வரலாறாக வளர்ந்தமை இரண்டிற்கும் பொது.

முடிவுரை

சம்பைக் கல்வெட்டு அஞ்சியின் கொடையையே பொறித்தது; ஆகவே நிகழ்ச்சிக்குச் சான்றாகும். வீரட்டானக் கல்வெட்டு கபிலர்க்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்தது. ஆகவே நினைவுக்குச் சான்றாகும். கபிலர் தீப்புகுந்த இடம் எனக் குன்றை உறுதியாகக் கூறுதல் கொளுவைப் புறக்கணிப்பதாகும். அது வெறுங்கதை எனத் தள்ளுதல் கல்வெட்டைப் புறக்கணிப்பதாகும். இராசராசன் காலத்திலேயே கோவலூர் மக்கள் ஒரு சங்கப் புலவரின் பெயரை ஆற்றிடைப் பாறைக்கு உரியதாக்கிப் போற்றினர் என்பதே இச்சான்றுகளால் துணியத்தக்கது. புறநானூறு அச்சேறிய 1894ஆம் ஆண்டிற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே பாரி, கபிலர் நட்பு கோயிற் சுவரில் இடம்பெற்றிருந்தது. சங்கச் செய்திகள் ஏட்டுச் சுவடிகளில் மட்டுமே உறங்கிக் கிடந்தன என்னும் பொதுக்கருத்தை மறுபார்வை செய்யக் கபிலக்கல் இடந்தருகிறது. குன்றும் அதனைக் குறிக்கும் கல்வெட்டும் ஒருங்கே பேணப்பட வேண்டியதன் தேவையும் இதுவே.