நிலவில் ஒரு ஏக்கர்: பட்டா யார் தருவது?

நம்பிக்கை: நிலவில் மனை வாங்கலாம்.

திருமண நாளுக்கு மனைவிக்கு நிலவில் ஒரு ஏக்கர் வாங்கிக் கொடுத்த கணவரைப் பற்றிய செய்தி அவ்வப்போது கண்ணில் படுகிறது. சட்டம் போட்டு மாட்டிய பத்திரத்தோடு படமும் வரும். இந்த வியாபாரத்தைப் பிரபலமாக்கியவர் டென்னிஸ் ஹோப் என்ற அமெரிக்கர். 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை நாடுகளைத்தான் தடுக்கிறது, தனிமனிதரை அல்ல என்று சொல்லி 1980இல் நிலவுக்கே உரிமை கோரினார். கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டா என்பது அரசு தருவது. உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவுப்படி எந்த அரசும் நிலவைத் தனதாக்கிக்கொள்ள முடியாது. அரசுக்கே இல்லாத உரிமையை யார் எழுதிக் கொடுப்பது? போதாக்குறைக்கு, தனியார் விண்வெளியில் செய்யும் காரியங்களுக்கும் அவரவர் நாட்டு அரசே பொறுப்பு என்கிறது ஆறாம் பிரிவு.

கொண்டுபோய் வைத்த பொருளின் கதை வேறு. 1973இல் நிலவில் ஓடி நின்றுபோன சோவியத் ஊர்தி லூனோகோத்-2, 1993இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. வீடியோ கேம் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கேரியட் 68,500 டாலருக்கு எடுத்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் ஆனவருக்கு, அதன் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் மண் சொந்தமில்லை.

நம்பிக்கை: கொடி நட்டவருக்கே இடம்.

அமெரிக்க நாடாளுமன்றமே 1969இல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டது: நிலவில் அமெரிக்க வீரர்கள் நடும் கொடி தேசப் பெருமிதத்தின் அடையாளம், உரிமை கோரல் அல்ல. சந்திரயான்-3 இறங்கிய இடத்துக்குச் 'சிவசக்தி' என்ற பெயரைச் சர்வதேச வானியல் ஒன்றியம் 2024இல் ஏற்றது. பெயர் வைத்ததால் அந்த இடம் இந்தியாவுக்கு வந்துவிடாது.

நம்பிக்கை: நிலவு மனிதகுலத்தின் பொதுச்சொத்து, அங்கிருந்து யாரும் எதையும் எடுக்கக் கூடாது.

இங்கேதான் சிக்கல். 'மனிதகுலத்தின் பொது மரபுரிமை' என்று சொல்வது 1979ஆம் ஆண்டு நிலவு ஒப்பந்தம். அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் அதில் இல்லை. இந்தியா 1982இல் கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. சேர்ந்திருந்த சவுதி அரேபியாவும் 2024இல் வெளியேறிவிட்டது. மறுபக்கம், எடுத்த கனிமம் எடுத்த நிறுவனத்துக்கே என்று அமெரிக்கா 2015இலும் லக்சம்பர்க் 2017இலும் ஜப்பான் 2021இலும் உள்நாட்டுச் சட்டம் போட்டுக்கொண்டன. கடல் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்த மீன் மீனவருக்குச் சொந்தம் என்பது இவர்கள் வாதம். எனக்கு இது முழுதாக ஒப்பவில்லை. மீன் குஞ்சு பொரிக்கும். துருவப் பள்ளங்களில் வெயிலே படாமல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த பனிக்கட்டி, எடுத்தால் எடுத்ததுதான்.

நம்பிக்கை: அவ்வளவு பெரிய நிலவில் இடத்துக்கா பஞ்சம்?

பரப்பு ஏறத்தாழ 3.8 கோடி சதுர கிலோமீட்டர், உண்மைதான். ஆனால் எல்லோரும் குறிவைப்பது தென்துருவத்தின் சில இடங்களை மட்டும்: பனிக்கட்டி இருக்கும் இருண்ட பள்ளம், பக்கத்திலேயே ஆண்டின் பெரும்பகுதி வெயில் கிடைக்கும் மேடு. இரண்டும் சேர்ந்து அமையும் இடங்கள் சொற்பம்.

நெருங்கி இறங்கினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயமே. 1969 நவம்பரில் அப்பல்லோ-12, அதற்கு இரண்டரை ஆண்டுக்கு முன் போய் நின்ற சர்வேயர்-3 கலத்திலிருந்து சுமார் 160 மீட்டரில் இறங்கியது. வீரர்கள் நடந்துபோய் சர்வேயரின் கேமராவைக் கழற்றி எடுத்துவந்தார்கள். பூமியில் சோதித்தபோது, இறங்கிய கலத்தின் புகைவீச்சில் கிளம்பிய மணல் அதை உரசித் தேய்த்திருந்தது தெரிந்தது. காற்று இல்லாததால் அங்கே தூசியின் வேகத்தைத் தணிக்க எதுவும் இல்லை.

இதனால்தான் அமெரிக்கா முன்னெடுத்த 2020ஆம் ஆண்டு ஆர்ட்டெமிஸ் உடன்பாடு 'பாதுகாப்பு மண்டலம்' பற்றிப் பேசுகிறது. எத்தனை மீட்டர் என்று அதில் இல்லை. போய் இறங்குபவரே கணித்து அறிவிக்க வேண்டும். வேலி போட்டு வளைத்துக்கொள்ள இது குறுக்குவழி ஆகிவிடும் என்ற சந்தேகம் நியாயமானதே. இந்தியா 2023 ஜூனில் இதில் கையெழுத்திட்டது. சீனாவும் ரஷ்யாவும் இதில் சேராமல், இரண்டுமாகத் தனியே ஒரு நிலவு நிலையம் திட்டமிடுகின்றன. வியன்னாவில் கூடும் ஐ.நா. விண்வெளிக் குழு, விண்வெளி வளங்களை எடுப்பது பற்றிப் பணிக்குழு அமைத்துப் பேசிக்கொண்டிருக்கிறது. இரு அணியும் ஒரே பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றால், மற்றவர் நலனைக் கருதுங்கள், கலந்து பேசுங்கள் என்கிறது 1967 உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு. பேச்சு முறிந்தால் யார் விலக வேண்டும் என்று அதில் எழுதவில்லை.