பிளாஷ் வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்



இந்த இதழின் தொழில் பாடம் போட்டோ எடுப்பது பற்றியது. "எங்ககிட்ட கேமராவே இல்லியே, எங்களுக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். செல்போனில் குழுக் கூட்டத்தைப் படம் எடுப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நம் உறுப்பினர்கள் நான்கு பேர் சேர்ந்து, குழுவில் கடன் வாங்கி ஒரு கேமராவும் ஒரு பிளாஷும் வாங்கினார்கள். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதணி விழா எல்லாம் பெண்கள் கூடும் இடம். பெண்ணே படம் எடுத்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கூச்சம் இருக்காது. நல்ல யோசனைதான். நாங்களும் உற்சாகப்படுத்தினோம்.

முதல் வாய்ப்பு ஒரு மஞ்சள் நீராட்டு விழா. வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு ட்யூப் லைட். ஜன்னலை மறைத்து சீர்வரிசைத் தட்டுகள். சகோதரிகள் பிளாஷை நேராக முகத்துக்கு அடித்து நூற்றுக்கும் மேல் படம் எடுத்தார்கள். பிரிண்ட் போட்டுப் பார்த்தால், முன்னால் இருந்தவர்களின் நெற்றியும் கன்னமும் வெள்ளையடித்த மாதிரி இருந்தது. கண்கள் சிவப்பு. ஒவ்வொருவர் பின்னாலும் சுவரில் கறுப்பு நிழல். பின்வரிசையில் நின்ற பாட்டி இருட்டில் போய்விட்டார். "எல்லாரும் இருக்காங்க, எங்க ஆயா மட்டும் இல்லியேம்மா" என்றார் அந்த வீட்டு அம்மா. பேசிய பணத்தில் பாதிதான் கிடைத்தது. மூன்று மாதம் கழித்து அந்தப் பாட்டி இறந்துபோனார். மாலை போட்டு மாட்ட ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி அதே வீட்டிலிருந்து ஆள் வந்தது. எங்களால் தர முடியவில்லை.

அந்தச் சகோதரிகளை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். கடன் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஓடிய நாங்கள், வெளிச்சத்தைப் பற்றி ஒரு நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று பிளாஷ் தலையில் மாட்டும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியை வாங்கி, அடுத்த விழாவுக்குப் போனார்கள். அது துணிப் பந்தல். படம் அப்படியேதான் வந்தது. பாதி விழாவில் பேட்டரியும் தீர்ந்துபோனது. அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம், செய்து பார்த்தோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பிளாஷ் படம் ஏன் கெடுகிறது?

இரண்டு காரணங்கள். முதலாவது, வெளிச்சம் வரும் இடம் சின்னது.

கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலையார் மலை உச்சியில் ஏற்றும் கொப்பரை ஆள் உயரம் இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு அது பெரிய நெருப்பு. வானம் தெளிவாக இருந்தால் நம் ஊரிலிருந்தும் தெரியும். ஆனால் நமக்கு அது ஒரு புள்ளிதான். வெளிச்சம் பெரிதா சிறிதா என்பது, அது விழும் முகத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. புள்ளியாகத் தெரியும் வெளிச்சம் கத்தி வைத்த மாதிரி நிழல் போடும், எண்ணெய்ப் பசையும் மஞ்சளும் உள்ள முகத்தில் பளிச்சென்று திட்டாக விழும். பெரிதாகத் தெரியும் வெளிச்சம் முகத்தைச் சுற்றி வந்து நிழலை மெதுவாக்கும். உச்சி வெயிலில் எடுத்த படத்தையும் மேகம் மூடிய நாளில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் தூரம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு. 3 அடியில் நிற்கும் பெண்ணுக்கு 16 பங்கு வெளிச்சம் என்றால், 6 அடியில் நிற்பவருக்கு 4 பங்கு, 12 அடியில் நிற்கும் பாட்டிக்கு 1 பங்கு. பாட்டி இருட்டில் போனது இப்படித்தான்.

கண் சிவப்பாவதற்கும் காரணம் எளிது. இருட்டில் கண்ணின் பாப்பா விரிந்திருக்கும். லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பிளாஷின் வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் போய், உள்ளே ரத்தக் குழாய்கள் நிறைந்த திரையில் பட்டு, நேராக லென்ஸுக்கே திரும்பி வருகிறது. வெளிச்சம் வேறு பக்கமிருந்து வந்தால் இந்தச் சிவப்பு வராது.

கூரையை விளக்காக்குங்கள்

பிளாஷின் தலையை முகத்துக்குக் காட்டாமல் வெள்ளைக் கூரைக்குக் காட்டினால், கூரையில் பாய் அளவுக்கு ஓர் இடம் ஒளிர்ந்து, அங்கிருந்து வெளிச்சம் இறங்கும். புள்ளி போய்ப் பெரிய விளக்காகிவிட்டது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் கூரையிலிருந்து தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பாட்டிக்கும் வெளிச்சம் கிடைக்கும். இதைத்தான் ஸ்டுடியோக்காரர்கள் 'பவுன்ஸ்' என்கிறார்கள். எனவே பிளாஷ் வாங்கும்போது தலை மேலும் கீழும் சாய்கிறதா, பக்கவாட்டில் திரும்புகிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். கேமராவோடு சேர்ந்தே வரும் குட்டி பிளாஷில் இது முடியாது.

எந்தச் சாதனம் என்ன செய்யும்?

வெள்ளை அட்டை: போஸ்ட் கார்டு அளவு கெட்டி வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டு போட்டு பிளாஷ் தலையின் பின்புறம் நிறுத்துங்கள். தலை கூரையைப் பார்க்கட்டும். பெரும்பகுதி வெளிச்சம் மேலே போகும், கொஞ்சம் அட்டையில் பட்டு முன்னால் வரும். கண் குழியில் விழும் நிழல் குறையும், கண்ணில் ஒரு சின்ன ஒளிப்பொட்டு வரும். வெள்ளைக் கூரை வீட்டுக்கு இதுவே போதும்.

பிளாஸ்டிக் மூடி டிப்யூசர்: இது வெளிச்சத்தை நான்கு பக்கமும் சிதறடிக்கும். சிதறியது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்தால்தான் பலன். திறந்த பந்தலில் திரும்பி வர ஒன்றுமில்லை. மூடி பிளாஷ் அளவுதான் இருக்கிறது, முகத்துக்கு அது பழைய புள்ளியே. வெளிச்சத்தில் பாதிக்கு மேல் வீணாகும், அதை ஈடுகட்ட பேட்டரி உழைக்கும். நம் சகோதரிகளுக்கு நடந்தது இதுதான்.

சின்ன சாப்ட்பாக்ஸ்: பிளாஷ் தலையில் மாட்டும் துணிப்பெட்டி. 3, 4 அடி கிட்டத்தில் ஒருவர் இருவரை எடுக்கும்போது நன்றாக உதவும். 15 அடி தள்ளி நின்று முழுக் குடும்பத்தையும் எடுத்தால் அதுவும் புள்ளியாகிவிடும். கொப்பரைக் கதைதான்.

வெள்ளைக் குடையும் ஸ்டாண்டும்: பிளாஷைக் கேமராவிலிருந்து பிரித்து, ஸ்டாண்டில் வைத்து, குடைக்குள் அடிப்பது. மேடைப் படங்களுக்கு மிக நல்லது, கூரை எதுவானாலும் கவலையில்லை. ஆனால் தூரத்திலிருந்து பிளாஷை இயக்க டிரிக்கர் வேண்டும். கூட்டத்தில் குழந்தைகள் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

எந்த இடத்துக்கு எது?

வெள்ளையடித்த மெத்தை வீடு: கூரை பவுன்ஸ், வெள்ளை அட்டை. வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

பச்சை, நீலம், ரோஸ் வண்ணம் அடித்த வீடு: சுவரின் நிறம் முகத்தில் ஏறும். பச்சைச் சுவரில் அடித்தால் மஞ்சள் பூசிய முகம்கூடப் பச்சையாக வரும். கூரையாவது வெள்ளையாக இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு வெள்ளை வேட்டியை ஒரு பக்கம் கட்டி, அதில் அடியுங்கள். இரண்டு பேர் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தாலும் போதும்.

கூரை வீடு, ஓட்டு வீடு: கூரையே வெளிச்சத்தைக் குடித்துவிடும். வேட்டி, தெர்மோகோல் அல்லது குடை.

துணிப் பந்தல்: வெள்ளைத் துணியானால் தாழ்வாக உள்ள இடத்தில் பவுன்ஸ் செய்யலாம். சிவப்பும் மஞ்சளுமானால் வேண்டாம், குடை வையுங்கள்.

கல்யாண மண்டபம்: இங்கே கணக்குப் போட வேண்டும். 10 அடி உயரக் கூரையில் பிளாஷின் கால் பங்கு சக்தி போதும் என்று வையுங்கள். மண்டபத்தில் வெளிச்சம் போய்வரும் தூரம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும், அதாவது முழு சக்தி. ஒவ்வொரு படத்துக்கும் முழு சக்தி என்றால் பிளாஷ் மறுபடி தயாராக நேரமாகும், அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். பக்கத்தில் வெள்ளைச் சுவரோ தூணோ இருந்தால் தலையை அங்கே திருப்புங்கள். இல்லாவிட்டால் குடை.

கேமராவும் உதவட்டும்

எல்லா வேலையையும் பிளாஷ் தலையில் போடாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 100-லிருந்து 400-க்கு மாற்றினால் பிளாஷ் கால் பங்கு உழைத்தால் போதும். 800, 1600 வரை போகலாம். அதற்கு மேல் போகப் போகப் படம் புள்ளி புள்ளியாக வரும். எவ்வளவு வரை தாங்கும் என்பதை உங்கள் கேமராவில் எடுத்துப் பார்த்து எழுதி வையுங்கள். ஷட்டரை 60-ல் ஒரு வினாடி அளவுக்கு வைத்தால், வீட்டு விளக்கின் வெளிச்சமும் படத்தில் சேரும், பின்னால் இருட்டுக் கிணறு மாதிரி இருக்காது.

செல்போன் வைத்திருப்பவர்களுக்கு: போனில் உள்ள விளக்கு மிகச் சின்னது, சில அடிக்கு மேல் எட்டாது. அதை அணைத்துவிட்டு, முகங்களை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வையுங்கள். ராத்திரியானால் இன்னொருவர் தன் போன் டார்ச்சை வெள்ளைச் சுவரிலோ கிட்டத்தில் பிடித்த வெள்ளைத் தாளிலோ அடிக்கட்டும். போனை அசைக்காமல் பிடியுங்கள்.

நமக்கு முன்னால் நடந்தவர்கள்

இது ஆண்கள் தொழில் என்று யாராவது சொன்னால் இரண்டு பேரைச் சொல்லுங்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர், 2011-ல் பத்ம விபூஷண் பெற்றார், 2012-ல் மறைந்தார். அவர் வேலை செய்த காலத்து பிளாஷ் பல்பு ஒரு தடவை எரிந்தால் முடிந்தது, அடுத்த படத்துக்கு வேறு பல்பு மாட்ட வேண்டும். யோசித்துத்தான் பட்டனை அமுக்க முடியும். அகமதாபாத்தில் சேவா சங்கத்துப் பெண்கள் 1984-ல் வீடியோ கற்றுக்கொண்டு 'வீடியோ சேவா'வைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் கேமரா பிடித்தார்கள். வெளிச்சத்தைப் பார்க்கக் கண் போதும், பட்டம் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை

கைக்குழந்தையின் முகத்துக்கு நேரே கிட்டத்தில் பிளாஷ் அடிக்காதீர்கள். பிளாஷ் தலையை பாலிதீன் பையாலோ துணியாலோ ஒட்டி மூடாதீர்கள். தொடர்ந்து அடிக்கும்போது சூடேறி உருகும். ரீசார்ஜ் பேட்டரி இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, மஞ்சள் நீராட்டுப் பிள்ளையின் படத்தை உங்கள் விளம்பரத்துக்காக வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நம்மை நம்பித்தான் உள்ளே விடுகிறார்கள்.

வாங்கும் வரிசையும் இதுதான்: முதலில் வெள்ளை அட்டை, அடுத்து இரண்டாவது செட் பேட்டரி, வருமானம் வந்த பிறகு குடையும் ஸ்டாண்டும். வழக்கம்போல் மூன்று கடையில் விலை கேட்டு, தீர்மான நோட்டில் எழுதிய பிறகே வாங்குங்கள்.

நம் நான்கு சகோதரிகளும் இப்போது விழாவுக்கு முதல் நாளே அந்த வீட்டுக்குப் போய் வருகிறார்கள். கூரை என்ன நிறம், எவ்வளவு உயரம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள். விழா அன்று பூஜை முடிந்ததும் முதல் வேலையாக வீட்டிலுள்ள பெரியவர்களை ஒவ்வொருவராக வெள்ளைச் சுவரோரம் உட்கார வைத்துத் தனிப்படம் எடுக்கிறார்கள். அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. ஏன் என்று யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. எங்களுக்குத் தெரியும்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

1. ஒரு சகோதரியைச் சுவரோரம் உட்கார வைத்து, நேராக ஒன்று, கூரையில் ஒன்று, வேட்டியில் ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். மூக்கின் நிழலை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. முன்னால் மூன்று பேர், 12 அடி பின்னால் மூன்று பேர் நிற்கட்டும். நேர் பிளாஷில் யார் தெரிகிறார்கள், பவுன்ஸில் யார் தெரிகிறார்கள்?

3. உங்கள் ஊரில் விழா நடக்கும் இடங்கள் எவை? ஒவ்வொன்றின் கூரை நிறத்தையும் உயரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடன் விண்ணப்பத்தோடு அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். நாங்கள் முதலில் அதைத்தான் பார்ப்போம்.