சதங்கை கட்டப்போகும் பிள்ளைக்கு

மனே, நீ கூத்துப் பழகப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மனசு நிறைந்தது. கால் பழக்க அண்ணாவியார் இருக்கிறார். நான் சொல்லப்போவது குணம் பழக.

1. முதலில் உட்கார்ந்து பார். விடியவிடிய நடக்கும் கூத்தை அரைமணி நேரம் பார்த்து, கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் கூத்துப் பார்த்தவர்கள் அல்ல. முன்னிரவில் கொலுவுக்கு வந்த அரசன் விடியற்காலம் என்ன ஆனான் என்று காணும்வரை பாயை விட்டு எழும்பாதே. தூக்கத்தோடு மல்லுக்கட்டிய கண்ணுக்குத்தான் ஆடுகிறவனின் களைப்பும் தெரியும்.

2. கூத்தின் இரண்டு மோடிகளில் வடமோடி பெரிதா, தென்மோடி பெரிதா என்று கேட்காதே. பாரத, இராமாயணப் போர்களை ஆடும் வடமோடிக்குப் பாய்ச்சல் வேண்டும், பாரமான கரப்புடுப்பும் கிரீடமும் வேண்டும். காதற்கதைகளை ஆடும் தென்மோடிக்குக் காலின் நுணுக்கம் வேண்டும். “அவங்களுக்குக் குதிக்கத்தான் தெரியும்” என்று ஒருவர் வடமோடிக்காரரைக் கேலி செய்தார். எங்கள் அண்ணாவியார் அவருக்கே உடுப்பைக் கட்டிவிட்டு, பாத்திரம் நுழையும் வரவு ஆட்டம் ஒன்றை ஆடச் சொன்னார். இரண்டு சுற்றில் மூச்சு வாங்கியது. பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

3. தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளக்காதே. பரதம் படித்த பிள்ளைகள் அரைமண்டியோடு கூத்துக் களரிக்கு வருவார்கள். பரதத்துக்கு முன்பக்கம் ஒன்று. வட்டக்களரியிலோ நாலு பக்கமும் சனம். நடுவில் மத்தளமும் சல்லாரியும் பிற்பாட்டும். யாருக்காவது முதுகு தெரிந்துகொண்டே இருக்கும், அதனால் முதுகும் ஆடவேண்டும். பரதம் இதற்குத் தடையல்ல. ‘எனக்குத் தெரியும்’ என்ற நினைப்புத்தான் தடை.

4. வசந்தன் கோலாட்டம் ஆடினால் பக்கத்தில் நிற்பவனை நினை. பழக வந்த பொடியன் ஒருவன் பெருவிரல் வீங்கி நின்றான். பிழை அவனுடையதல்ல, கோலை முந்தி வீசிய பக்கத்துப் பொடியனுடையது. அடுத்தவன் கோல் வரும் நேரத்துக்கு உன் கோல் அங்கே இருக்கவேண்டும். நம் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் களிகம்பு அடிப்பவர்களிடம் போய்ப் பார், அங்கேயும் இதுதான் முதற்பாடம்.

5. பறைமேளக்கூத்தைக் கண்டு முகம் சுளிப்பவரோடு சேராதே. பறையைச் சுமந்து, அடித்தபடியே சுழன்று ஆடுவது லேசான காரியமல்ல. சாதியின் பேரால் அந்தக் கலைஞரைத் தள்ளி நிறுத்தியவர்களுக்கும் சடங்குக்கு அவர் பறை வேண்டியிருந்தது. நீ அவரைக் கண்டால் எழுந்து நில்.

6. காத்திருக்கப் பழகு. பாட்டுக்கொப்பியாகச் சட்டம் கொடுத்து, சதங்கை கட்டி, கிழமைதோறும் கிழமைக்கூத்து ஆடி, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். மாதக்கணக்கில் ஆகும். அருச்சுனன் வேடம் கிடைக்கவில்லை என்று கோபிக்காதே; முதலில் களரிக்கு வரும் கட்டியகாரன் சோர்ந்தால் சபையே சோர்ந்துவிடும். மத்தளம் பிழைத்தது என்றும் சொல்லாதே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

7. மாற்றத்துக்குப் பயப்படாதே, அவசரப்படவும் செய்யாதே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று மேடையேற்றினார். விடியவிடிய ஆடியதைச் சுருக்கினார். வட்டக்களரி ஆட்டத்தை ஒருபக்க மேடைக்குக் கொண்டுபோனார். ஆனால் ஆட்டம் பழக்க வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை அழைத்தார். மாற்ற நினைப்பவர் முதலில் ஏறவேண்டிய படி அது.

8. கற்றதை ஒளிக்காதே. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம் கண்டவன் நான். இன்று பெண்பிள்ளை நீ ஆடப்போகிறாய். நாளை உன்னிடம் யார் வந்து கேட்டாலும் கொடு. தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்ததால் பாட்டுகள் பல தப்பின. ஆட்டம் அப்படி அச்சில் ஏறாது. கூத்துக் கொப்பியைப் பெட்டியில் பூட்டி வைத்த ஓர் அண்ணாவியார் போனபோது அவருடைய தாளக்கட்டும் கூடவே போனது. ஒரு வரவு பழகியதும் அன்றைக்கே தங்கச்சிக்கு ஆடிக் காட்டு. அவள் பிழைவிட்டு, நீ திருத்தும்போதுதான் அது உனக்கே சரியாகப் பிடிபடும்.