எலி கடித்த கார்

பேராக்கில் முன்னாளைய இரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை ஓங்கி நிற்கிறது. உதிர்பழம் நாடி எலிகளும் பெருகின. கூகைகளுக்குக் கூண்டு அமைத்தும் முற்றாக ஒழிந்தபாடில்லை. அவற்றின் முன்பற்கள் ஓயாது வளர்வன. அவற்றைத் தேய்க்கக் காரின் மின்கம்பியும் உதவுகிறது.

ஈப்போவுக்கு வேலைக்குப் புறப்படும் வேளையில் கார் இயங்காவிடில், சாவியை மீண்டும் மீண்டும் திருப்புதல் கூடாது. பானெட்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி வீசினால் எரிபொருள் குழாய் அறுந்திருக்கலாம். தீப்பற்ற ஒரு பொறி போதும். விலகி நின்று பட்டறைக்காரரை அழையுங்கள்.

நெடி இல்லையேல் ஒருமுறை திருப்பலாம். விளக்கு மங்கினால் பேட்டரியைப் பாருங்கள். ஒளி குன்றாதிருந்தும் ஸ்டார்ட்டர் சுழலாவிடில், அதற்குச் செல்லும் கம்பி அறுபட்டிருக்கக் கூடும். சுழன்றும் இஞ்சின் பற்றாவிடில் ஃபியூஸ், பெட்ரோல் பம்புக் கம்பி ஆகியவற்றைச் சோதியுங்கள்.

எலிக்கூட்டை வெறுங்கையால் தொடவேண்டாம். எலிச் சிறுநீர் லெப்டோஸ்பைரோசிஸ் நோயைப் பரப்பும். கையுறை அணிந்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே கம்பிகளில் கை வையுங்கள்.