விசில் ஊதுகிறவரும் படிக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் ஊர் மைதானத்தில் கால்பந்து ஆட்டம். மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். தமிழ் பேசுபவர்கள் இருந்தார்கள். வங்காளிகள் இருந்தார்கள். தெலுங்கு பேசுபவர்களும் ராஞ்சிக்காரர்களும் இருந்தார்கள். ஆடிய இரண்டு அணிகளிலும் எல்லாரும் கலந்திருந்தார்கள். அந்தமானில் எந்த ஊர் மைதானமும் இப்படித்தான்.

அன்று விசில் என் கையில் இருந்தது. நான்தான் நடுவர்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. சிவப்புச் சட்டை அணி ஒரு கோல் போட்டிருந்தது. நீலச் சட்டை அணி இன்னும் கோல் போடவில்லை. அப்போது நீல அணிக்கு ஒரு த்ரோ-இன் கிடைத்தது. ஒருவர் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தார். எதிரணித் தடுப்பு ஆட்டக்காரர்கள் எல்லாரையும் தாண்டி, கோலுக்குப் பக்கத்தில் ஒரு பையன் தனியாக நின்றிருந்தான். பந்து அவனிடம் போனது. அவன் உதைத்தான். பந்து வலைக்குள் விழுந்தது.

"ஆஃப்சைடு! ஆஃப்சைடு!" என்று கூட்டம் கத்தியது. நானும் விசில் ஊதிவிட்டேன். கோல் இல்லை என்று கை காட்டினேன். சிவப்பு அணி ஃப்ரீ கிக் அடித்தது. ஆட்டம் தொடர்ந்தது. நீல அணி தோற்றுப்போனது.

மறுநாள் இரவு எங்கள் படிப்பு மையத்தில் பாடம் நடந்தது. படகு வேலை செய்யும் ஒரு பெரியவர் அங்கே படிக்க வருவார். அவர் கேட்டார்:

"தம்பி, த்ரோவில் வந்த பந்துக்கு ஆஃப்சைடு உண்டா?"

"உண்டு மாமா" என்றேன்.

"எங்கே எழுதியிருக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நண்பரிடம் விதிப் புத்தகம் இருந்தது. அதை வாங்கி வந்து படித்தேன். த்ரோ-இன்னில் ஆஃப்சைடு இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. நீல அணி போட்டது சரியான கோல். நான்தான் அதைப் பறித்துவிட்டேன்.

எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஆனால் படிக்காமலே விசில் ஊதினேன். அன்று நான் படித்ததை இந்தப் பாடத்தில் உங்களுக்குச் சொல்கிறேன்.

விதிகள் எத்தனை?

கால்பந்துக்கு 17 விதிகள் உண்டு. இந்த விதிகளைக் காப்பதற்கும் திருத்துவதற்கும் ஓர் உலகக் குழு இருக்கிறது. அது 1886-ஆம் ஆண்டில் தொடங்கியது. உலகக் கோப்பைக்கும் இதே 17 விதிகள்தான். நம் ஊர் மைதானத்துக்கும் இதே விதிகள்தான்.

கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். உயரம் 2.44 மீட்டர். பெனால்டி அடிக்கும் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஓர் அணிக்கு 11 பேர். ஓர் அணியில் 7 பேருக்குக் குறைந்தால் ஆட்டம் நடத்தக் கூடாது.

ஆஃப்சைடு என்றால் என்ன?

மைதானத்தில் அதிகச் சண்டை வருவது இந்த விதியால்தான். நாங்கள் மையத்தில் தரையில் கோடு கிழித்தோம். கிளிஞ்சல்களை ஆட்டக்காரர்களாக வைத்தோம். ஒரு புளியங்கொட்டை பந்து ஆனது. அப்படி வைத்துப் பார்த்தபோது எல்லாருக்கும் புரிந்தது.

மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: அந்த ஆள் எதிரணியின் பாதி மைதானத்தில் இருக்கிறாரா? தன் பாதியில் இருந்தால் ஆஃப்சைடு இல்லை.

இரண்டு: தன் அணிக்காரர் பந்தை உதைத்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார்? பந்து வந்து சேர்ந்த நேரம் கணக்கில்லை. உதைத்த நேரம்தான் கணக்கு. அந்த நேரத்தில் அவர் பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளையும் தாண்டி, கோல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சமமாக இருந்தால் ஆஃப்சைடு இல்லை. பெரும்பாலும் கடைசி ஆள் கோல்கீப்பர். அவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்று: அவர் ஆட்டத்தில் தலையிட்டாரா? வெறுமனே அங்கே நிற்பது குற்றம் இல்லை. பந்தைத் தொட்டால் குற்றம். கோல்கீப்பரின் பார்வையை மறைத்தாலும் குற்றம்.

மூன்று கேள்விக்கும் "ஆம்" என்று பதில் வந்தால்தான் ஆஃப்சைடு. ஆனால் மூன்று விலக்குகள் உண்டு. கோல் கிக், த்ரோ-இன், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து பந்து நேராக வந்தால் ஆஃப்சைடு கிடையாது. நான் தவறியது இந்த இடத்தில்தான்.

கையில் பட்டால் எல்லாம் ஃபவுலா?

"ஹேண்ட், ஹேண்ட்" என்று கூட்டம் கத்தும். பந்து கையில் பட்டாலே ஃபவுல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

வேண்டுமென்றே கையால் தொட்டால் ஃபவுல். தேவையில்லாமல் கையை அகல விரித்து, பந்தின் வழியை மறைத்தாலும் ஃபவுல். தன் கையில் பட்டு பந்து நேராக எதிரணிக் கோலுக்குள் போனால், தெரியாமல் பட்டிருந்தாலும் அந்தக் கோல் செல்லாது. உடம்போடு ஒட்டியிருக்கும் கையில் பந்து தானாக வந்து மோதினால் பொதுவாக அது குற்றம் இல்லை. இதை முடிவு செய்ய நடுவர் பக்கத்தில் ஓடி வந்து பார்க்க வேண்டும். தூரத்தில் நின்று ஊதக் கூடாது.

விசில் ஊதாமல் இருப்பதும் நீதிதான்

ஓர் ஆட்டக்காரரைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் பந்து அவருடைய நண்பரிடம் போகிறது. நண்பருக்கு முன்னால் கோல் திறந்து கிடக்கிறது. இப்போது விசில் ஊதினால் யாருக்கு லாபம்? தள்ளியவருக்குத்தான் லாபம். ஆகவே நடுவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி "ஆடுங்கள்" என்று காட்டலாம். சில விநாடிகளில் அந்த வாய்ப்பு கைகூடாமல் போனால், முதலில் நடந்த ஃபவுலுக்கு விசில் ஊதலாம்.

கையே மொழி

நம் தீவில் பல மொழிகள். நடுவருக்கு எல்லா மொழியும் தெரியாது. ஆனால் சைகை எல்லாருக்கும் புரியும். நேராகக் கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக் என்றால் நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்குவார். மஞ்சள் அட்டை என்றால் எச்சரிக்கை. சிவப்பு அட்டை என்றால் வெளியே போக வேண்டும். அவருக்குப் பதிலாக வேறு ஆள் இறங்க முடியாது.

இந்த அட்டைகள் வந்தது எப்படி? 1966-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் நடுவர் சொன்னது ஆட்டக்காரர்களுக்குப் புரியாமல் குழப்பம் வந்தது. கென் ஆஸ்டன் என்ற இங்கிலாந்து நடுவர் இதைப் பற்றி யோசித்தார். சாலையில் போக்குவரத்து விளக்கைப் பார்த்தார். மஞ்சள், சிவப்பு நிறங்களில் அட்டை வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1970-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன.

ஆட்டத்துக்கு முன்னால்

நம் தீவுகள் நாட்டின் கிழக்கே இருக்கின்றன. கடிகாரமோ நாடு முழுவதுக்கும் ஒன்றுதான். அதனால் டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். முழு ஆட்டத்துக்கு 45 நிமிடம் வீதம் இரண்டு பாதி வேண்டும். நடுவில் ஓய்வு 15 நிமிடம் வரை. 4 மணிக்குத் தொடங்கினால் இருட்டில்தான் முடியும். ஆட்ட நேரத்தைக் குறைப்பதானால், போட்டியின் விதி அதற்கு இடம் தர வேண்டும். இரண்டு அணியும் தொடங்கும் முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் குறைத்தால் சண்டைதான் வரும்.

மழை பெய்து மைதானத்தில் தண்ணீர் நின்றால் நடந்து பாருங்கள். கல், கண்ணாடி கிடக்கிறதா என்றும் பாருங்கள். மின்னல் வெட்டினால் ஆட்டத்தை நிறுத்துங்கள். கோப்பையைவிட உயிர் பெரிது.

மோதிரம், சங்கிலி, காப்பு, கம்மல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். துணி சுற்றி மறைத்துக்கொண்டாலும் விடக் கூடாது. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்ஸ் அணியிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். ஆனால் இன்றைய விதிப்படி காலணி கட்டாயம். முழங்காலுக்குக் கீழே காப்பு அட்டையும் கட்டாயம்.

தலையில் பலமாக அடிபட்டவரை அன்று மறுபடியும் ஆட விடாதீர்கள். மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தவறு செய்தால்?

நடுவரும் மனிதர்தான். தவறு என்று தெரிந்தால், ஆட்டம் மறுபடி தொடங்கும் முன் முடிவை மாற்றலாம். தொடங்கிய பிறகு மாற்ற முடியாது. என் விஷயத்தில் சிவப்பு அணி ஃப்ரீ கிக் அடித்துவிட்டது. அதோடு வாசல் மூடிவிட்டது.

ஆனாலும் என் மனம் கேட்கவில்லை. நீல அணித் தலைவர் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தைக் காட்டினேன். "அண்ணே, அது கோல்தான். தப்பு என்னுடையது" என்றேன். அவர் அந்த வரியை விரல் வைத்து மெல்லப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்தப் பையன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவனிடமும் போய்ச் சொல்."

போய்ச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் "சரி" என்றான்.

திரும்பும்போது தலைவர் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த ஆட்டத்துக்கும் நீயே வா. படித்துவிட்டு வா" என்றார்.

விதிகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. 1925-ஆம் ஆண்டு வரை ஆஃப்சைடுக்கு மூன்று எதிரணி ஆட்களைக் கணக்கிட்டார்கள். பிறகு இரண்டு ஆனது. கோல்கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக் என்ற விதி 2025-ஆம் ஆண்டில் வந்தது. ஒருமுறை படித்தால் போதாது. திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

சத்தமாகக் கத்துகிறவர் சொல்வது விதி ஆகாது. எழுதியிருப்பதுதான் விதி. எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது. கூலிச் சீட்டுக்கும் ரேஷன் அட்டைக்கும் இது பொருந்தும். கால்பந்துக்கும் பொருந்தும்.

கலந்து பேசுங்கள்

1. கூட்டம் கத்தியதால் நடுவர் முடிவு செய்தது சரியா?
2. தவறு செய்தவர் நேரில் போய் ஒப்புக்கொண்டதால் என்ன பயன்?
3. உங்கள் ஊரில் ஆட்டத்தில் சண்டை வந்ததுண்டா? எந்த விதியால் வந்தது?

செய்து பாருங்கள்

1. தரையில் மைதானம் வரையுங்கள். கிளிஞ்சல்களை வைத்து ஆஃப்சைடு ஆகும் இடம் ஒன்றும், ஆகாத இடம் ஒன்றும் காட்டுங்கள்.
2. ஆஃப்சைடு இல்லாத மூன்று சமயங்களை நோட்டில் எழுதுங்கள்.
3. ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஆட்டம் 1 மணி 45 நிமிடம். மாலை 5 மணிக்குள் முடிய வேண்டும். எத்தனை மணிக்குள் தொடங்க வேண்டும்? கணக்குப் போடுங்கள்.