நோயாளியைக் காண வருவோரின் பை

மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் உள்நோயாளர் பிரிவின் வாயிலுக்கு வருவோரில் வெறுங்கையோடு வருபவர் மிகச் சிலரே. கொடைரோட்டில் பேருந்தை விட்டு இறங்கியதும் எதிரிலுள்ள கடையில் ஒரு ரொட்டிப் பொட்டலம், இரண்டு பிஸ்கட் பாக்கெட், ஒரு புட்டி சத்துபான மாவு, கையில் பணமிருந்தால் அட்டைப்பெட்டியில் அடைத்த பழச்சாறு என வாங்கிக்கொண்டே வருகின்றனர். நோயுற்றவரைக் காணச் செல்கையில் ஏதேனும் கொண்டு செல்வது நம் பண்பு. அதைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. ஆயினும் அந்தப் பையினுள் இருப்பது என்ன என்பதை இவ்விதழில் சற்று நிதானமாகக் காண விரும்புகிறோம்.

இதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இதயம் வலுவிழந்து, கால்கள் வீங்கி, மூச்சிரைப்போடு சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவர் தேறி வீடு திரும்பினார். அம்மையநாயக்கனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் பந்தல் வேலை செய்தவர். இரண்டு வாரம் நிறைவதற்குள் அதே வீக்கத்தோடும் அதே இரைப்போடும் மீண்டும் வந்தார். "குழம்பில் பாதி உப்புத்தானே போட்டேன்" என்று அவருடைய மனைவி கண்கலங்கினார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. விசாரித்தபோது மற்றது தெரியவந்தது. வாய்க்கசப்பால் சோறு இறங்கவில்லை என்று காலையில் ரொட்டி, முற்பகலில் பொட்டலத் தூளில் கலக்கிய சூப், மாலையில் உப்பு பிஸ்கட், இரவில் பேரப்பிள்ளைகளோடு நூடுல்ஸ் கொடுத்திருக்கின்றனர். அடுப்பில் குறைத்த உப்பு, கடை வழியாக வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. பிழை அவர்களுடையதன்று. வீட்டுக்கு அனுப்புகையில் "உப்பைக் குறையுங்கள்" என்று மட்டும் சொன்ன நாங்கள், உப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஆகவே இப்போது சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு. பொட்டலத்தின் பின்புறம் பெரும்பாலும் 'உப்பு' என்று எழுதியிருக்காது. 'சோடியம்' என்றுதான் இருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைத்துவிடும். 100 கிராமுக்குச் சோடியம் 1000 மில்லிகிராம் என்று போட்ட நூடுல்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 70 கிராம் பொட்டலத்தில் சோடியம் 700 மில்லிகிராம். உப்பாகக் கணக்கிட்டால் 1.75 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் உரிய உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே தட்டில் போய்விடுகிறது. நாவுக்கு அது உப்பாகத் தெரிவதும் இல்லை. சர்க்கரைக்கு இத்தனை கணக்கு வேண்டாம். 100 கிராமுக்கு 25 கிராம் சர்க்கரை என்று எழுதிய பிஸ்கட்டில் 80 கிராம் பொட்டலத்தைத் தின்று முடித்தால் 20 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு தேக்கரண்டி. தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அதில் பிஸ்கட்டைத் தோய்த்து உண்பவர்களை நாங்கள் தினமும் காண்கிறோம்.

சேர்பொருள் பட்டியலையும் பாருங்கள். எடையில் மிகுந்திருப்பதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். 'கோதுமை ரொட்டி' என்று முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும். பின்னால் பட்டியலின் முதற்சொல் 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு' என்றிருந்தால், அது மைதாதான்.

சத்துபான மாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் ஊர்ப்பக்கம் ஒரு புட்டி மாவு இல்லாமல் நோயாளியைப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்றே பலர் கருதுகின்றனர். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று மத்திய வணிக, தொழில்துறை அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பல புட்டிகளில் சேர்பொருள் பட்டியலின் தொடக்கத்திலேயே சர்க்கரை நிற்கும். மருத்துவர் எழுதித்தரும் சிறப்பு ஊட்டச்சத்து மாவுகள் வேறு. அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பொட்டலத்தில் அடைத்ததெல்லாம் தீங்கு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பால், அவல், ரவை, உடைத்த பருப்பு ஆகியவையும் ஆலைகளில் பக்குவப்படுத்தப்பட்டவையே. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொண்டேரோ குழுவினர் உணவுகளை, அவை பதப்படுத்தப்பட்ட அளவைக் கொண்டு நான்காகப் பிரித்தனர். நான்காம் வகையான மிகைப் பதப்படுத்தல்தான் இங்கு கவலைக்குரியது. அதை அடையாளங்காண எளிய வழி உண்டு. சுவையூட்டி, நிறமூட்டி, குழம்பாக்கி என உங்கள் அடுக்களையில் ஒருபோதும் இல்லாத பெயர்கள் பட்டியலில் நிறைந்திருந்தால் அது அந்த வகை.

"நாக்கைக் கட்டத் தெரியவில்லையே" என்று நோயாளியைக் கடிந்துகொள்ளும் குடும்பத்தினர் ஓர் ஆய்வை அறிந்திருப்பது நல்லது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரு வாரம் மிகைப் பதப்படுத்திய உணவும் இரு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தனர். தட்டில் வைத்த ஆற்றல், சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இருவகையிலும் ஏறத்தாழச் சமம். வேண்டிய அளவு உண்ணலாம். ஆலை உணவு உண்ட நாட்களில் அவர்கள் தம்மை அறியாமலே தினமும் சுமார் 500 கலோரி மிகுதியாக உண்டனர். இரு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினர். சாதாரணச் சமையலில் அதே அளவு குறைந்தனர். 2019இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் கட்டுப்பாடு மனத்தில் மட்டும் இல்லை, தட்டில் வைக்கப்படும் பொருளிலும் இருக்கிறது என்று காட்டியது. வீட்டில் இருக்கும் பொட்டலத்தைத் தொடாதே என்பதைவிட, அதை வாங்காமல் இருப்பது நோயாளிக்கு எளிது. அது நோயாளியின் வேலையும் அன்று. பை கொண்டுவருவோரின் வேலை.

கொடைரோட்டுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கொடைக்கானல் செல்வோர் இரயிலை விட்டு இறங்கும் ஊர் இது. நான்குவழிச் சாலையும் அருகிலேயே செல்கிறது. பயணிகளுக்காகக் கடைகளில் தொங்கவிடப்பட்ட சிப்ஸ் சரங்களும் குளிர்பானங்களும் மெல்ல மெல்ல உள்ளூர்ப் பிள்ளைகளின் மாலைச் சிற்றுண்டியாகிவிட்டன. சுற்றிலும் விளைவதோ வேறு. பன்னீர் திராட்சை, சிறுமலை வாழை, முருங்கை, சின்ன வெங்காயம் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நிலக்கோட்டைச் சந்தைக்காக விடியுமுன் மல்லிகை பறிக்கச் செல்லும் பெண்கள் பலர், தேநீரும் ஒரு பன்னுமே காலை உணவு என்கின்றனர். முதல் நாள் இரவு கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ மோர் சேர்த்துத் தூக்குவாளியில் கொண்டுபோனால் பசி தாங்கும். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் போதும். மோர் மிளகாயும் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் நம் பாட்டிமார் செய்தவையாயினும் உப்பு உப்புதான். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அவை பொட்டலத்துக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

இரவில் சாலையோரம் மணக்கும் பரோட்டாவையும் திண்டுக்கல் பிரியாணியையும் என்றென்றைக்குமாகத் துறந்துவிடச் சொன்னால் எவரும் கேட்கப் போவதில்லை. நாங்களும் அப்படிச் சொல்வதில்லை. மாதம் ஒருமுறை, அரை வயிற்றுக்கு, சால்னாவைக் குடிக்காமல் தொட்டுக்கொண்டு என்றால் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். நோய் முற்றிய நிலையில் இருப்போர் அதற்கும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிஸ்கட்டுக்குப் பதில் என்ன கொண்டுவரலாம் என்று கேட்பீர்கள். பலருக்கு அவித்த சுண்டல், இரண்டு கொய்யா, வேகவைத்த முட்டை, வீட்டில் அரைத்த மாவில் சுட்ட இட்லி ஆகியவை ஏற்றவை. நீரிழிவு உள்ளவர் திராட்சையைச் சாறாக்காமல் பழமாக, ஒரு கைப்பிடிக்கு மிகாமல் உண்ணலாம். கேழ்வரகுக் கூழும் அவருக்கு அளவோடுதான். கரைத்துக் குடிப்பதைவிட அடையாகச் சுட்டு உண்பது மேல்.

சிறுநீரக நோயாளியைக் காண வருவோர் மட்டும் இதைத் தனியே மனத்தில் கொள்ள வேண்டும். வாழைப்பழமும் இளநீரும் முருங்கைக் கீரையும் பிறருக்கு நன்மை தருபவை. அவற்றிலுள்ள பொட்டாசியம் இவர்களின் இரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும். கடைகளில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பலவற்றிலும் பொட்டாசியமே சேர்க்கப்படுகிறது. சில இரத்த அழுத்த மாத்திரைகள் உட்கொள்வோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எனவே இத்தகையவருக்குப் பழம் வாங்குமுன் பிரிவிலுள்ள செவிலியரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வருகையில், வீட்டில் அடிக்கடி வாங்கும் நான்கைந்து பொட்டலங்களின் வெற்று உறைகளை மருந்துச் சீட்டோடு எடுத்து வாருங்கள். பின்புற எழுத்து மிகச் சிறிது. கண்ணாடி அணிந்தும் படிக்க இயலவில்லை என்று பலர் சொல்லியிருக்கின்றனர். உணவு ஆலோசனை அறையில் நாங்கள் படித்துச் சொல்கிறோம்.