யார் சொன்னது? எங்கே இருக்கு?



புராஜெக்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பார்வை நூல்கள்' என்று ஒரு தலைப்பு போடுகிறோம் அல்லவா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான். கடைசிப் பக்கம் என்பதால் பலர் அதைக் கடைசி வேலையாக நினைக்கிறார்கள். இப்போது அதற்கு மெஷினும் வந்துவிட்டது. இணையத்தில் புத்தகத்தின் பெயரையோ ஒரு லிங்க்கையோ போட்டால், ஆசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பகம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கித் தந்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில், இதெல்லாம் எதற்கு?

நம்ம மாவட்டத்திலிருந்தே ஒரு உதாரணம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலுக்குள் போயிட்டது. ரயிலில் எத்தனை பேர் இறந்தார்கள்? ஒரு இடத்தில் 115 என்று இருக்கு. இன்னொரு இடத்தில் 200 என்று இருக்கு. எது சரி? டிக்கெட் வாங்கியவர்களை மட்டும் எண்ணினார்களா, எல்லோரையும் எண்ணினார்களா? எண்ணை மட்டும் எழுதி, எடுத்த இடத்தை எழுதாமல் விட்டால் யாராலும் சரிபார்க்க முடியாது. அவர்கள் வெறும் எண்கள் இல்லை. நம்ம பக்கத்து ஊர் மனிதர்கள்.

இன்னொன்று. அப்துல் கலாம் ஐயா சொன்னதாக எத்தனையோ பொன்மொழிகள் போனில் வருகின்றன. எந்தப் புத்தகம், எந்தக் கூட்டம், எந்த வருஷம் என்று கேட்டுப் பாருங்கள். பல பொன்மொழிகளுக்குப் பதிலே இருக்காது. அவர் சொல்லாததை அவர் பெயரில் எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையா?

தமிழ்த் தாத்தா பட்ட பாடு

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அதன் பழைய உரையை எழுதியவர் நச்சினார்க்கினியர். அவர் உரையின் நடுவே வேறு நூல்களின் வரிகளை நிறைய எடுத்துக் காட்டுவார். ஆனால் எந்த நூல் என்று பல இடங்களில் பெயர் சொல்ல மாட்டார். அந்தக் காலத்துப் பழக்கம் அப்படி. படிப்பவர்களுக்கு அந்த நூல்கள் மனப்பாடமாகத் தெரியும். பின்னாளில் நூல்களே மறைந்துபோனதால் வரி மட்டும் மிஞ்சியது, ஊர் பேர் தெரியவில்லை. தாத்தா ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி, இந்த வரி இந்த நூலில் இருக்கு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். அந்தத் தேடலில்தான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர் கண்ணில் பட்டன. 1898இல் அவர் மணிமேகலையை அச்சிட்டபோது உதவியவர் நம்ம இராமநாதபுரத்துப் பாண்டித்துரைத் தேவர். நமக்கும் இதில் பங்கு உண்டு!

ஒரு வரியில் நூலின் பெயரை எழுதாமல் விட்டால், பின்னால் வருகிறவர் எவ்வளவு அலைய வேண்டியிருக்கும் பார்த்தீர்களா?

மெஷின் எங்கே தப்பு செய்யும்?

மெஷின் புத்தகத்தைப் படிப்பதில்லை. யாரோ எங்கோ பதிந்து வைத்த விவரத்தை எடுத்து அடுக்குகிறது. பதிந்தது தப்பு என்றால் அடுக்கியதும் தப்பு. கவனிக்க வேண்டியவை ஐந்து.

1. பெயர்: பல வெளிநாடுகளில் பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயர். மெஷினும் அப்படியே நினைக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். 'கயல்விழி கு.' என்று இருந்தால் 'கு.' என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். 'சாமிநாத ஐயர்' என்று பிரித்து எழுதியிருந்தால் 'ஐயர், சாமிநாத' என்று திருப்பிப் போடும். பட்டம் முன்னால் வந்து ஆள் பின்னால் போயிடுவார். 'அப்துல் கலாம்' சேர்ந்தே ஒரு பெயர். அதையும் இரண்டாக உடைத்துவிடும்.

2. ஆண்டு: முதல் பதிப்பு எந்த ஆண்டு, நம் கையில் இருக்கும் பதிப்பு எந்த ஆண்டு என்பதைக் குழப்பிவிடும். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள்.

3. பதிப்பகம்: விற்கும் கடையின் லிங்க்கைப் போட்டால் சில சமயம் கடையின் பெயரே பதிப்பகமாக வந்துவிடும்.

4. மொழிபெயர்ப்பு: நாம் படித்தது தமிழில் 'அக்னிச் சிறகுகள்'. மெஷின் தருவதோ 1999இல் வந்த ஆங்கிலப் புத்தகத்தின் விவரமாக இருக்கலாம். பக்க எண் எல்லாம் மாறிப்போகும். கூட எழுதிய அருண் திவாரியின் பெயரும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் விடுபட்டதா என்று பார்க்கணும்.

5. பக்க எண்: நாம் எந்தப் பக்கத்தைப் படித்தோம் என்பது மெஷினுக்குத் தெரியவே தெரியாது. அதை நாம்தான் எழுதணும்.

இல்லாத புத்தகம்

இது இன்னும் பெரிய ஆபத்து. செயற்கை நுண்ணறிவு சாட்களில் 'இதற்கு ஆதாரம் கொடு' என்று கேட்டால், சில நேரம் உலகத்திலேயே இல்லாத புத்தகத்துக்கும் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டுத் தந்துவிடும். பார்க்க அச்சு அசலாக இருக்கும். 2023இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் வழக்கறிஞர்கள் சாட் ஜி.பி.டி. தந்த ஆறு வழக்குகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்கள். அந்த ஆறு வழக்குகளுமே நடக்காதவை! நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். படித்த வக்கீலுக்கே இந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கணும்?

அத்தைக்கு ஏது லிங்க்?

நம்ம ஊர்ப் புராஜெக்ட்டுக்கு ஆதாரம் எல்லாமே புத்தகத்தில் கிடைக்காது. வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தியில் உப்பு வாருகிற அத்தைக்கு, எந்தக் காற்று அடித்தால் உப்பு நன்றாக விளையும் என்று தெரியும். பனை ஏறுகிற தாத்தாவுக்குப் பதநீர் எந்த மாதம் அதிகம் சுரக்கும் என்று தெரியும். கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமாருக்குப் பாறை எங்கே இருக்கு, பாசி எப்போ முற்றும் என்று தெரியும். லிங்க் கேட்கிற மெஷினிடம் அத்தையைப் பற்றி என்ன சொல்வது? அத்தைக்கு லிங்க் கிடையாதே!

அதற்காக அவர்கள் சொன்னதை நாமே கண்டுபிடித்த மாதிரி எழுதலாமா? கூடாது. இப்படி எழுதுங்கள்: சொன்னவர் பெயர், தொழில், ஊர், 'நேரில் கேட்டது', கேட்ட தேதி. பெயர் போட அவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் 'உப்பளத் தொழிலாளி, வாலிநோக்கம்' என்று மட்டும் எழுதினால் போதும். புத்தகம் எழுதியவருக்குக் கொடுக்கும் அதே மரியாதையை அத்தைக்கும் கொடுப்போம். அவர்கள் படிக்காதவர்களாக இருக்கலாம். ஆனால் அந்த விஷயத்தில் அவர்கள்தான் நமக்கு வாத்தியார்.

ஆக, என்ன செய்யலாம்?

மெஷினைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. அடுக்கி வைக்கும் வேலையை அது செய்யட்டும். ஆனால் 'இதை நான் பார்த்தேன், இது அங்கே இருக்கு' என்று சாட்சி சொல்வது நாம். பார்க்காததற்குச் சாட்சி சொல்லக் கூடாது. அதனால்,

• கண்ணால் பார்த்த புத்தகத்தையும் பக்கத்தையும் மட்டும் பட்டியலில் சேர்ப்போம்.
• மெஷின் தந்ததைப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தோடு வைத்துச் சரிபார்ப்போம்.
• இணையப் பக்கம் என்றால் நாம் பார்த்த தேதியையும் எழுதுவோம்.
• ஒரு புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகத்தின் வரி இருந்தால், நாம் படித்தது எது என்பதை மறைக்காமல் எழுதுவோம்.

செய்து பாருங்கள்: நம் அறிவியல் பாடப்புத்தகத்தைக் கையில் எடுங்கள். தலைப்பு, வெளியிட்டவர், ஆண்டு, நீங்கள் படித்த பக்கம் நான்கையும் மெஷின் இல்லாமல் ஒரே வரியில் எழுதுங்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அந்த வரியை மட்டும் வைத்து அவர் அதே பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் பாஸ்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கடலாடி